அக்கா ஆறு

நெடுவரம்பு ஊரில் பஞ்சவர்ணத்தின் வீட்டைச் சுற்றி ஆறு வந்தபோது மழை பெய்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றில் ஊறுகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தது. சீமைக் கருவேல மரத்தைத் தவிர அந்த ஊரில் பச்சையாக நின்றது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு சித்திரை மாத விடியலில், விறகை மூடி எரிக்கிற கரிமூட்டத்துக்குக் காவல் இருந்துவிட்டு உடம்பெல்லாம் கரியோடு வீடு திரும்பிய தர்மராசு, தன் வீட்டுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடுவதைப் பார்த்தார். அது எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. வீட்டைச் சுற்றி வளையமாக ஓடிக்கொண்டிருந்தது. தெரு அகலம்தான் இருக்கும். அடியில் கிடக்கிற மணல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அவர் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். இனித்தது. பிறகுதான் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா பஞ்சவர்ணம், என்ன இது?"

வாசலில் நின்ற அவர் பெண்சாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னைக் கேட்டா? நானா வெட்டிவிட்டேன்?" என்றாள். "கரியோட நிக்காம அப்படியே இறங்கிக் குளிச்சிட்டு வாங்க. கஞ்சி ஆறுது."

தர்மராசு இறங்கினார். தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. பெண்சாதியின் முகத்தைப் பார்த்தபடியே நடந்தார், கண்ணை எடுக்கவேயில்லை, கால் மணலை உதைத்து உதைத்து முன்னால்தான் போனது. ஆனாலும் கரையேறி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இறங்கிய அதே இடத்தில் நின்றிருந்தார். பஞ்சவர்ணம் எதிர்க்கரையில் நின்றிருந்தாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் கால் உள்ளவர்கள் எல்லாம் இறங்கிப் பார்த்துவிட்டார்கள். லாரி டியூபில் மிதந்து பார்த்தார்கள். பனந்தடியைக் குறுக்கே போட்டுப் பார்த்தார்கள். தடி எவ்வளவு நீளமோ அதைவிட ஒரு முழம் கூடுதலாக ஆறு அகன்றுகொண்டது. உள்ளேயிருந்து பஞ்சவர்ணமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளும் தன் வாசலிலேயே போய்க் கரையேறினாள். கயிறு மட்டும் போனது. ஒரு முனையைக் கரையில் பட்டுப்போய் நின்ற வேப்பமரத்திலும் இன்னொரு முனையை அவள் வீட்டு ஜன்னல் கம்பியிலும் கட்டி, அதில் கூடையைத் தொங்கவிட்டு அரிசியும் பருப்பும் அனுப்பினார்கள். பேச்சும் போனது. மனுஷர் மட்டும் போக முடியவில்லை. சரி, அப்படித்தான் போலிருக்கிறது என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

தர்மராசுவுக்கு மட்டும் போக வீடில்லை. எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இருளாயி வந்தாள்.

"வாங்க மச்சான், ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இருளாயி பஞ்சவர்ணத்தின் கூடப்பிறந்த தங்கை. தாய் இறந்தபோது இருளாயி தவழ்கிற பிள்ளை, பஞ்சவர்ணத்துக்குத் தாவணி போடுகிற வயது. தகப்பன் வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. பஞ்சவர்ணம் கரிமூட்டத்துக்கு விறகு சுமந்தாள், கரி அள்ளினாள், நெஞ்செல்லாம் புகை குடித்துத் தங்கையை வளர்த்தாள், படிக்க வைத்தாள், தனக்கு வந்த மாப்பிள்ளைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து தங்கைக்கு விவரம் தெரிகிற வயது ஆன பிறகுதான் தர்மராசுவைக் கட்டிக்கொண்டாள், பிறகு எதிர்வீட்டிலேயே இடம் பார்த்துத் தங்கையையும் கட்டிக்கொடுத்தாள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அவள் அதைச் சொல்லாத நாளும் இல்லை. கல்யாண வீட்டில் சொன்னாள், இழவு வீட்டில் சொன்னாள், லாரித் தண்ணீருக்கு நிற்கையில் சொன்னாள். இருளாயி ஒரு புதுச் சேலை கட்டினால், "நான் அன்னைக்குக் கரி சுமக்கலேன்னா இவளுக்கு ஏது சேலை" என்றாள். இருளாயி சிரித்தால், "இந்தச் சிரிப்பு நான் போட்ட சோறு" என்றாள்.

இருளாயியின் மகள் வளர்மதிக்குக் காதுகுத்து வைத்த அன்று, பந்தி நடுவில், இருளாயியின் புருஷன் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால் பஞ்சவர்ணம் அதையே சொன்னாள். பரிமாறிக்கொண்டிருந்த இருளாயி வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீ போட்ட சோத்தை நான் தின்னேன், இல்லைங்கல. அது செரிச்சுப் போச்சுக்கா. இன்னும் எத்தனை காலத்துக்கு நான் அதைக் கக்கிக் கக்கி ஊருக்குக் காட்டணும்?"

பஞ்சவர்ணம் இலையை மடக்காமல் எழுந்தாள். தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவை அவள் கடக்கவேயில்லை. தங்கை வந்து காலில் விழட்டும் என்று இருந்தாள். தங்கை வரவில்லை. இடையில் எத்தனையோ பொங்கல் வந்து போனது. இருளாயியின் புருஷன் டிரைவர் வேலைக்கு வெளிநாடு போனான். ஆறு வருவதற்கு முதல் நாள், இருளாயி வீட்டுக் கூரை இறங்கியிருக்கிறது, ஒரு எட்டு வந்து பார் என்று தர்மராசு கெஞ்சினார். "என் பொணம்தான் அந்த வாசலுக்குப் போகும்" என்று பஞ்சவர்ணம் சொன்னாள். மறுநாள் விடியலில் ஆறு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் பயந்துகொண்டு ஒரு குடம் மொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு குடம். குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தைகளுக்குச் சொறி சிரங்கு ஆறியது, சோறு வெள்ளையாக வெந்தது. லாரி ஹாரன் அடித்தால் மெயின் ரோட்டுக்கு ஓடுவது நின்றது. வெளியூரிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து அளந்தார்கள், கைகளைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள், கடைசியில் 'ஆழமான பகுதி, இறங்காதீர்கள்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. மிளகாய் விவசாயம் பார்த்துவந்த வில்லாயுதம்தான் முதலில் மோட்டார் வைத்து இறைத்தான். எவ்வளவு இறைத்தாலும் அளவு குறையவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் வாய்க்கால் வெட்டினார்கள். கருவேலை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு மிளகாய் நட்டார்கள், வெங்காயம் நட்டார்கள், ஒருவர் துணிந்து வாழையே வைத்தார். பஸ் நிற்கிற இடத்துக்கு அக்கா ஆறு ஸ்டாப் என்று பேர் வந்தது. ஆடி மாதம் கரையில் பொங்கல் வைத்தார்கள்.

வளையத்துக்கு உள்ளே பஞ்சவர்ணம் இருந்தாள். வீட்டைச் சுற்றி நடந்தாள். நடந்து நடந்து அவள் கால் பட்ட தடத்தில் வெள்ளையாக ஒரு பாதை விழுந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்ச் சத்தம். ஜன்னலைச் சாத்தினால் சுவர் வழியாக வந்தது, காதைப் பொத்தினால் தலையணைக்குள்ளிருந்து வந்தது. எதிர்வீட்டு வாசல் எந்நேரமும் கண்ணில் பட்டது. அங்கே தன் புருஷன் உட்கார்ந்து சாப்பிடுவதை, தங்கச்சி மகள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதை, மூவரும் எதற்கோ சிரிப்பதை அவள் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். தர்மராசு தினமும் காலையும் மாலையும் கரையில் வந்து நின்று, "என்ன சமைச்ச?" என்று கேட்பார். அவள் சொல்வாள். அதோடு திரும்பி நடப்பார்.

இரண்டாம் வருஷம் வளர்மதி பெரிய மனுஷி ஆனாள். சடங்கு அன்று பாவாடை தாவணியில் அந்தப் பெண் எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவள் முகத்தில் செத்துப்போன தன் தாயின் சாடையைப் பஞ்சவர்ணம் கண்டாள். அவளை அறியாமல் தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அந்த நேரத்தில் ஆறு முழங்கால் அளவுக்கு வற்றியது. வில்லாயுதத்தின் மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியது. வாய்க்கால்களில் தண்ணீர் நின்றது. ஜனங்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தார்கள். அத்தனை பேர் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் பஞ்சவர்ணத்தின் கழுத்து பழையபடி நிமிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு பழையபடி நெஞ்சளவு நிறைந்து ஓடியது.

வில்லாயுதம் கெட்டவன் இல்லை. அப்பன் காலத்திலிருந்து காய்ந்த பூமியைப் பார்த்தே வளர்ந்தவன், முதன்முறையாகத் தன் வயலில் பழுத்த மிளகாய் சிவப்பாகக் காய்வதைப் பார்த்தவன். அன்றைக்கு நடந்ததை அவன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான், கூட்டிக் கழித்தான், புரிந்துகொண்டான். மறுநாள் மாலை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வந்தான்.

"அக்கா, உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம். தாயில்லாப் பிள்ளையைத் தாயா இருந்து வளர்த்தீங்களே, இந்தச் சுத்துப்பட்டுல உங்களைப் போல யாரு இருக்கா?"

பஞ்சவர்ணம் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியது.

அதற்குப் பிறகு தினமும் மாலை ஊர் முறைவைத்துக்கொண்டு வந்தது. சமைத்த கையோடு பெண்கள் வந்தார்கள், வயலிலிருந்து ஆண்கள் வந்தார்கள். அவள் சுமந்த கரியைப் பற்றிப் பேசினார்கள், அவள் குடித்த புகையைப் பற்றிப் பேசினார்கள், அவள் தைரியத்தை, அவள் வைராக்கியத்தை, அவள் சொன்ன சொல் மாறாத குணத்தைப் பேசினார்கள். இருளாயி நன்றி கெட்டவள் என்றும் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டார்கள். பஞ்சவர்ணம் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குக் காத்திருந்தாள். ஊரே தன் பக்கம் என்று அவளுக்குப் பூரிப்பாக இருந்தது. எதிர்வீட்டுக்கும் அந்தப் பேச்சு கேட்கும் என்பதில் கூடுதல் பூரிப்பு.

எதிர்வீட்டுக்கும் வில்லாயுதம் போனான்.

"இருளாயி, நீ அந்தக் கரைப்பக்கம் மட்டும் போய் நிக்காதத்தா. உன்னைப் பார்த்தா அக்கா மனசு இளகிரும்."

"எங்க அக்கா மனசு இளகுனா உங்களுக்கு என்ன நட்டம்?"

"மிளகா காய் பிடிக்கிற நேரம்" என்றான் வில்லாயுதம். "நீயும்தானே அந்தத் தண்ணியைக் குடிக்கிற?"

இருளாயி எழுந்து உள்ளே போனாள். அவளுக்கும் கோபம் ஆறவில்லை. தினமும் மாலை தன்னை நன்றி கெட்டவள் என்று ஊர் பேசுவதை அக்கா நாற்காலி போட்டுக் கேட்கிறாளே என்று இருந்தது. வாசல் கதவைச் சாத்திவைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக நடமாடத் தொடங்கினாள். பஞ்சவர்ணத்துக்கு அதன்பிறகு அந்தச் சாத்திய கதவுதான் தெரிந்தது.

ஒரு நாள் மாலை, பேசிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி பேச்சின் நடுவில் தலையைத் திருப்பி வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, ஏறியது தெரிந்ததும் பேச்சைச் சட்டென்று நிறுத்திக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பஞ்சவர்ணம் அதைக் கவனித்தாள். மறுநாள் மற்றவர்களையும் கவனித்தாள். எல்லாருமே பார்த்தார்கள். மாட்டுக்குத் தவிடு வைத்துவிட்டுப் பால் பீய்ச்சுகிறவர்கள் மடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பஞ்சவர்ணம் தலையில் வைத்த பூவைப் பிடுங்கி எறிந்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, "நாளையிலருந்து ஒரு பயலும் இங்க வரக்கூடாது, நான் சொல்றேன்!" என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு ஆறு கரை தளும்பி எழுந்தது. வில்லாயுதம் கும்பிட்டான். "இந்த மிடுக்கு யாருக்கு வரும்!" என்றான். மறுநாளும் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைப் பார்த்துப் பேசினார்கள்.

வெளியே போக, தான் தணிவதுதான் வழி என்று பஞ்சவர்ணத்துக்கு இப்போது தெரிந்துவிட்டது. வழி தெரிந்தும் போகத் தெரியவில்லை. எத்தனையோ நாள் யோசித்து, ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஊரையே கரைக்கு வரச் சொன்னாள். எதிர்வீட்டுக் கதவும் திறக்கும்வரை காத்திருந்தாள். இருளாயி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றாள் பஞ்சவர்ணம். "இருளாயியை நான் மன்னிச்சுட்டேன். சின்னப் பிள்ளை, வாய் தவறிப் பேசிட்டா. நான் பெரியவ, நான்தான் இறங்கி வரணும். வந்துட்டேன். என்னைப் போல இப்படி இறங்கி வர யாருக்கு மனசு வரும்?"

அதுவரை வராத வெள்ளம் அன்று வந்தது. கரையில் வைத்திருந்த குடங்களை அடித்துக்கொண்டு போனது. அதிகாரிகள் நட்ட பலகையைப் பிடுங்கியது. நின்றவர்கள் எல்லாம் ஓடி மேடேறினார்கள். வில்லாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருளாயி திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தியதைப் பஞ்சவர்ணம் பார்த்தாள். சேற்றில் நனைந்த சேலையோடு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கமாக இருக்கவேண்டும் என்று நினைப்பாள். ஒரு பொழுது யாரையும் திட்டாமல் இருந்துவிட்டால், நான் எவ்வளவு அடங்கிப்போய்விட்டேன் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். வெளியே தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கும். தன் மனசுக்குள் ஒளிய ஒரு மூலை இல்லாமல் போயிற்று அவளுக்கு.

நாலாம் வருஷம் ஐப்பசியில் தர்மராசு கரி லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் போனார். திரும்ப ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை துணி அலசிவிட்டு எழுந்த பஞ்சவர்ணம் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடது கால் அடியில் மடங்கி முறிந்தது. வலி பொறுக்காமல் மயங்கி, விழித்து, கைகளால் தரையைப் பிடித்து இழுத்து இழுத்து வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தாள். கூடைக் கயிறு கட்டிய ஜன்னல் எட்டாத உயரத்தில் இருந்தது. அடுப்பும் எட்டாது. பானைத் தண்ணீர் மட்டும் எட்டியது.

மாலையில் ஊர் வந்தது. வழக்கம்போலப் பேசினார்கள். "அக்கா வரலையே?" என்று ஒருத்தி கேட்டாள். "கோவமா இருக்கும். தண்ணியைப் பாரு, தளும்புது. அக்கா நல்லாத்தான் இருக்கு" என்றான் வில்லாயுதம். மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும். பஞ்சவர்ணம் தரையில் கிடந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும். ஆனால் இந்த ஜனத்துக்கு முன்னால், தன் வைராக்கியத்தை வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருக்கிற இவர்களுக்கு முன்னால், கால் ஒடிந்து மண்ணில் கிடக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெளியே ஆறு தளும்பிக்கொண்டிருந்தது. அவள் செத்துப்போயிருந்தாலும் அது கொஞ்ச நேரம் தளும்பியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பிறகு ஒரு நண்பகல். வயல் வேலைக்கு ஊர் போயிருந்தது. கரையில் ஆள் இல்லை, வெயில்தான் இருந்தது. எதிர்வீட்டில் இருளாயி கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். அந்த வாசம் தண்ணீரைத் தாண்டி வந்து பஞ்சவர்ணத்தின் முகத்தில் பட்டது. தரையில் கிடந்தவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, வயிறு சுருண்டது, கண்ணில் நீர் வந்தது. வைராக்கியம், மரியாதை, நான் பெரியவள், நீ சின்னவள் என்கிற எதுவும் அப்போது அவள் நினைவில் இல்லை. வாசற்படி வரை தவழ்ந்தாள். தாய் செத்த வீட்டில் தங்கச்சி தவழ்ந்ததுபோல முட்டியும் கையும் தேயத் தவழ்ந்தாள். படியில் தாடையை வைத்துக்கொண்டு, காற்றாகப் போன குரலில் கூப்பிட்டாள்.

"இருளாயி... பசிக்குதுடி."

ஆற்றுச் சத்தத்தில் அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் இருளாயிக்குக் கேட்டது. தனக்காகப் பிசைந்துகொண்டிருந்த தட்டோடு அப்படியே எழுந்து வந்தாள். கதவைத் திறந்தாள். படியில் கிடக்கிற அக்காவைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகவில்லை, ஆழத்தைப் பார்க்கவில்லை, தட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். முதல் அடியில் இடுப்பளவு இருந்தது. இரண்டாம் அடியில் முழங்கால். நடு ஆற்றுக்கு அவள் வந்தபோது வெறும் சேறு. சேற்றில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அவள் மறுகரை ஏறினாள்.

அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். சோற்றை உருட்டி ஊட்டினாள். பஞ்சவர்ணம் மென்றாள், விழுங்கினாள், இன்னும் என்று வாயைத் திறந்தாள். பாதித் தட்டு காலியானதும் தான் சொல்ல வேண்டியது நினைவுக்கு வந்தது.

"அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால உன்னை..."

"முதல்ல தின்னுக்கா" என்றாள் இருளாயி. அடுத்த கவளத்தை உருட்டினாள். "நானும் அத்தனை பேருக்கு முன்னாலதான் பேசுனேன். கருவாட்டுல முள்ளு இருக்கு, பார்த்துத் தின்னு."

மாலையில் புகழ வந்த ஊர், சேற்றைப் பார்த்து நின்றது. மீன் பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வெளியூரிலிருந்து ஆட்டோ வரவழைத்து, வளர்மதியும் இருளாயியுமாகப் பஞ்சவர்ணத்தைத் தூக்கி ஏற்றினார்கள். ஒதுங்கி வழிவிட்டார்களே தவிர ஒரு கை கொடுக்க ஆள் வரவில்லை.

காலில் மாவுக்கட்டோடு அவள் இருளாயி வீட்டில் கட்டிலில் கிடந்தபோது ஊர்ப்பெண்கள் சிலர் வந்தார்கள். தயங்கித் தயங்கி, "அக்கா, அறுப்பு முடியிற வரைக்குமாச்சும் பழையபடி இருங்களேன்" என்று கேட்டார்கள். பஞ்சவர்ணத்துக்குப் பாவமாக இருந்தது. காய்கிற பயிரை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சரி, இவர்களுக்காக என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தை விறைத்துக்கொண்டு, "இந்தச் சிரிப்பு நான் போட்ட சோறு!" என்றாள். இருளாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் வளர்மதி சிரித்தாள், ஊர் திரும்பியிருந்த தர்மராசு சிரித்தார், பஞ்சவர்ணமே சிரித்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெண்கள் எழுந்து போனார்கள்.

அந்தப் போகம் கருகியது. அதில் பொய்யில்லை, யாரும் தப்பவில்லை. வாழை வைத்தவர் வாழைக்குள் நின்று அழுதார். வில்லாயுதத்தின் மிளகாய் பூவோடு காய்ந்தது. அவன் பஞ்சவர்ணம் இருந்த பக்கம் திரும்பவில்லை. ஊரெல்லாம் தன் யோசனையால்தான் தின்றது, தான் இல்லாவிட்டால் இவர்கள் யார் என்று பெண்சாதியிடம் சொன்னான். ஆறுதல் சொல்ல வந்த பங்காளிகளை வாசலோடு திருப்பி அனுப்பினான். பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். போகட்டும் என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு மாசி மாத விடியலில் வில்லாயுதத்தின் வீட்டைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. தெளிந்த தண்ணீர். எப்படியோ தெரிந்து பெண்கள் குடங்களோடு வந்து நின்றார்கள். யாரும் மொள்ளவில்லை. யாரும் போகவுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாத்திய கதவைப் பார்த்து, "வில்லாயுதண்ணன் மாதிரி ஊருக்கு உழைச்சவக யாரு..." என்று ஆரம்பித்தாள்.

கம்பை ஊன்றிக்கொண்டு பஞ்சவர்ணம் வந்தது அப்போதுதான். பெண்கள் வழியை மறித்தார்கள்.

"அக்கா, வேண்டாம். ரெண்டே மாசம். ஒரு போகம் எடுத்துக்கிறோம். பிள்ளைகுட்டி இருக்குல்ல?"

"உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி" என்றாள் பஞ்சவர்ணம். சொல்லிவிட்டு, கம்பைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஊன்றி, கட்டுப் பிரித்த காலை முதலில் எடுத்து வைத்து, பிறகு மற்றக் காலை எடுத்து வைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஒரு சாண் இரண்டு சாணாக அகன்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்யா. பஞ்சவர்ணம்."

பஞ்சவர்ணம் கதவில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"உன் மிளகா காஞ்சது என்னாலதான். அதைச் சொல்லணும்னு எத்தனையோ நாளா நினைச்சேன். நீங்க என்னை வச்சு வெள்ளாமை பார்த்தீங்கன்னு ஒரு கோவம் இருந்துச்சு, அதான் வரல. அது கிடக்கட்டும். நீ மண்ணுல பாடுபட்டவன். உனக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

தண்ணீர் படியைத் தொட்டது. அவள் கணுக்காலை நனைத்தது. அவள் நகரவில்லை. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. தாடி வளர்ந்த முகத்தோடு வில்லாயுதம் நின்றான். அவள் கணுக்காலைப் பார்த்தான்.

"அக்கா, அன்னைக்கு உள்ள கால் ஒடிஞ்சு கிடந்தியாமே" என்றான். "நான் தண்ணியைத்தான் பார்த்தேன்."

கதவை முழுக்கத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பஞ்சவர்ணம் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பெண்கள் வெறும் குடங்களைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருத்தி, "போச்சு" என்றாள். இன்னொருத்தி அவள் வாயை அடக்கினாள். தூரத்தில் லாரி ஹாரன் அடித்தது. எல்லாரும் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். இருளாயி முன்னாலேயே போய்விட்டிருந்தாள். வரிசையில் தன் குடத்துக்குப் பின்னால் அக்காவின் குடத்தை வைத்து, அதற்கும் பின்னால் வில்லாயுதத்துக்கு என்று ஒரு குடத்தை வைத்து, மூன்றையும் காலால் நகர்த்தி நகர்த்தி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.